வேவு பார்க்கப் போய்ப் பழகிய குத்து

முதன்முதலாகக் குத்துச்சண்டைக் கையுறையை மாட்டியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஆசைப்பட்டு மாட்டவில்லை. ஒருவரை வேவு பார்ப்பதற்காக மாட்டினேன்.

எண்பதுகளின் தொடக்கம். கோலாலம்பூரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அலுவலராக இருந்தேன். விபத்தில் அடிபட்டதாகச் சொல்லி இழப்பீடு கேட்பவர்கள் சொல்வது உண்மைதானா என்று பார்ப்பது என் வேலை. கழுத்துப் பட்டையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து போனவர் மறுநாள் பாசார் சந்தையில் அரிசி மூட்டை தூக்குவார். நான் எதிர்க் கடையில் கோப்பி குடித்துக்கொண்டே அதைப் பார்த்து எழுதுவேன். பதினோரு வருடம் இப்படி ஓடியிருந்தது. அந்த வேலை வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு எதிரே நொண்டி நடக்கும் ஒருவர் இருந்தார். எந்தக் காலை நொண்டுகிறார் என்று தினமும் கவனிப்பேன். ஒரு நாளும் கால் மாறவில்லை. அதுவும் எனக்கு நிம்மதி தரவில்லை.

அந்த வருடம் என் மேசைக்கு வந்த கோப்பு ஒன்று ஒரு துறைமுகத் தொழிலாளியுடையது. வயது முப்பத்து மூன்று. கப்பலிலிருந்து இறக்கிய சுமை ஊசலாடி வந்து வலது தோளை நசுக்கிவிட்டது. கை தோளுக்கு மேல் எழாது என்று கிள்ளான் ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியிருந்தார். அவர் தன் சொந்தச் செலவில் எடுத்திருந்த விபத்துக் காப்பீடு அது. கோப்பு ஒன்பது மாதமாக யாரும் தொடாமல் கிடந்தது. நான் தொட்டதற்குக் காரணம் ஒரு மொட்டைக் கடிதம். கோடு போட்ட தாளில், ஒரு பக்கமாகச் சாய்ந்த கோணல் எழுத்தில், தமிழில் எழுதியிருந்தது:

'கை வரவில்லை என்று உங்களிடம் பணம் கேட்பவர் தினமும் சாயங்காலம் பண்டமாரானில் பாக்ஸிங் சொல்லிக் கொடுக்கிறார். வந்து பார்க்கவும்.'

எழுத்தை மறைப்பதற்காக யாரோ வேண்டுமென்றே கோணலாக எழுதியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். மேனேஜர் சீனர். கடிதத்தை நான் ஆங்கிலத்தில் படித்துக் காட்டியதும், போய்ப் பார் என்றார்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவேட்டைச் சரிபார்த்தேன். பிறகு ஒரு மாலை என் ஹோண்டா மோட்டார் சைக்கிளில் ஃபெடரல் ஹைவே வழியாகக் கிள்ளானைத் தாண்டிப் பண்டமாரானுக்குப் போனேன். அவர் சொல்லிக் கொடுக்கும் இடம் பழைய பூப்பந்து மண்டபம். தகரக் கூரை, ஆள் உயரத்துக்கு மேல் சன்னல்கள். எதிரே கோப்பிக் கடை எதுவும் இல்லை, லோரிகள் நிறுத்தும் வெற்றுத் திடல்தான். அங்கே வெளி ஆள் ஒருவன் பத்து நிமிடம் நின்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். பார்ப்பதென்றால் உள்ளே போக வேண்டும். உள்ளே போவதென்றால் பழக வேண்டும்.

மறு வாரம் ஒரு துண்டும் கான்வாஸ் சப்பாத்தும் பையில் வைத்துக்கொண்டு போனேன். உள்ளே பத்துப் பேர் இருந்தார்கள். பெரும்பாலும் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள். வெல்டிங் வேலை செய்யும் ஒரு சீனரும் இருந்தார். உத்திரத்திலிருந்து இரண்டு மணல் மூட்டைகள் சங்கிலியில் தொங்கின. வியர்வையும் துருவும் கலந்த வாடை. நான் தேடி வந்தவர் நடுவில் நின்றார். மெலிந்த உடம்பு, நறுக்கிய மீசை. வலது கைக் கட்டைவிரலை இடுப்புப் பட்டையில் செருகியிருந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள்.

"வயசு என்னண்ணே?" என்றார்.

"முப்பத்தெட்டு."

"இந்த வயசுல எதுக்கு இது?"

"ஒடம்பு போட்டிருச்சு. டாக்டர் எதாச்சும் பண்ணச் சொன்னாரு."

பொய்யில் உண்மை கொஞ்சம் கலந்திருந்தால் அது நிலைக்கும் என்று அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தேன். தொப்பை உண்மை. கிள்ளானில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்கிறேன் என்பதும், சொன்ன பெயரும் பொய். அவர் என் கைகளைப் பார்த்தார், பிறகு சப்பாத்தைப் பார்த்தார், பிறகு முகத்தை. எந்தக் கடை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்குப் பதில் தயாராக இருந்தது. கேட்காதது எனக்கு உறுத்தியது.

"சரி, நாளையிலருந்து வாங்க. தண்ணி கொண்டாங்க. காசெல்லாம் வேணாம். மொத வாரம் யாரையும் அடிக்க விட மாட்டேன்," என்றார்.

அந்த முதல் வாரம் நான் வாழ்க்கையில் பட்ட அவமானங்களில் முக்கியமானது. கயிறு தாண்டச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் தாண்டுவதுதானே என்று எடுத்தேன். நாலாவது சுற்றில் கயிறு முழங்காலுக்குக் கீழே சாட்டையாக விழுந்தது. பிறகு நிற்கச் சொல்லிக் கொடுத்தார். இடது கால் முன்னே, வலது குதிகால் தரையைத் தொடாமல், தாடை தாழ, இரண்டு கைகளும் கன்னத்தோடு. நிற்பது மட்டும்தான். ஆனால் மூன்று நிமிடம் கைகளைக் கன்னத்தருகே வைத்திருக்க என்னால் முடியவில்லை. தோள் எரிந்து, கைகள் தாமாக இறங்கின. இறங்கும்போதெல்லாம் அவர் இடது கையால் என் நெற்றியில் லேசாகத் தட்டுவார்.

"கை எங்க போகுது அண்ணே?"

கையுறைக்குள் கட்டும் துணிப்பட்டையைச் சரியாகச் சுற்றப் பழகவே மூன்று நாள் ஆயிற்று. மூட்டையை முதன்முறை குத்தியபோது மணிக்கட்டு மடங்கி, மறுநாள் அலுவலகத்தில் பேனா பிடிக்க முடியவில்லை. கையை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டேன். இழப்பீடு கேட்டு வந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து, நான் மறைத்த கை எங்கே என்று பார்த்தார்.

இத்தனைக்கும் நடுவில் நான் அவரைக் கவனிக்கத் தவறவில்லை. இடது கையில் மட்டும் தோல் மெத்தை ஒன்றை மாட்டிக்கொண்டு குத்துகளை வாங்குவார். 'ஒண்ணு' என்றால் நாங்கள் இடது கையால் குத்த வேண்டும், 'ரெண்டு' என்றால் வலது கையால். அவருடைய வலது கை இடுப்புப் பட்டையிலேயே இருக்கும். தண்ணீர் குடிப்பது, துண்டை எடுப்பது, வருகைப் புத்தகத்தில் பெயர் எழுதுவது எல்லாம் இடது கையில். யாராவது வலது பக்கம் வந்தால் உடம்பையே திருப்பிக்கொள்வார். இரண்டு வாரம் பார்த்தேன். ஒருமுறைகூட வலது கை மேலே போகவில்லை.

இன்னொருவராக இருந்தால் அத்தோடு திருப்தி அடைந்திருப்பார். எனக்கோ சந்தேகம் அதிகமாகியது. உண்மையாக வலி உள்ளவன் சில சமயம் மறந்துபோவான். மறந்து கையை நீட்டி, பிறகு வலித்து இழுத்துக்கொள்வான். எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். இவர் மறக்கவே இல்லை. இவ்வளவு சுத்தமாக இருந்தால் அது நடிப்பு. அதைத்தான் குறிப்பேட்டில் எழுதினேன்.

என் மேலும் சந்தேகம் விழத் தொடங்கியிருந்தது. துறைமுகத்தில் சுமை தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டும் ஒருவர் அங்கே வருவார். கதவு அகலத் தோள், குறைந்த பேச்சு. மாஸ்டருக்கு அடுத்தபடி அவர் சொல்வதுதான் அங்கே சட்டம். ஒரு நாள் உடை மாற்றப் போனபோது என் பையில் துண்டு வேறு விதமாக மடித்திருந்தது. நல்லவேளையாகக் குறிப்பேட்டை மோட்டார் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வருவது என் வழக்கம். அன்று பயிற்சி முடிந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மாஸ்டர் என்னைப் பார்த்து, "நாளைக்கு வருவீங்களா?" என்றார்.

"ஓம்," என்றேன்.

வாய் தவறிவிட்டது. வீட்டில் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். அங்கே போனால் அவர்களைப் போலப் பேச வேண்டும் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போவேன். ஒரு சொல்லில் எல்லாம் கவிழ்ந்தது.

ஃபோர்க்லிப்ட்காரர் தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்தார். "பாஸ் சிலோன் ஆளா?"

"எங்க அப்பா அங்கருந்து வந்தவரு."

"சிலோன்காரங்க எல்லாம் கவர்மெண்ட் வேலையில இருப்பாங்க. இல்லன்னா போலீசு. ஜவுளிக் கடையில துணி கிழிக்கிற சிலோன்காரர நான் பாத்ததே இல்ல லா."

அந்தப் பக்கத்தில் குண்டர் கும்பல்களைப் பற்றிப் போலீஸ் அடிக்கடி விசாரித்துக்கொண்டிருந்த காலம். ஒரு மண்டபத்தில் பத்து ஆண்கள் கூடிக் குத்தப் பழகினால் வெளியே என்ன பெயர் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். சீன வெல்டர்கூட என்னையே பார்த்தார்.

"விடுப்பா," என்றார் மாஸ்டர். "வந்தவரு பழகிட்டுப் போறாரு."

ஏன் என்னைக் காப்பாற்றினார் என்று வழி முழுவதும் யோசித்தேன். நல்ல காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டிலும் கேள்விகள் முளைத்தன. பக்கத்தில் மூட்டை குத்திக்கொண்டிருந்த வெல்டருடைய முழங்கை பட்டு என் இடது கண்ணுக்குக் கீழே கன்றியிருந்தது. சட்டையில் தைல வாடை. மனைவி சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆரோட சண்டை பிடிச்சனீங்கள்?"

"ஒருதரோடையும் இல்லை. வேலை விசயம்."

"வேலைக்குப் போற மனுசன் ஏன் ரெண்டு சட்டை கொண்டு போறார்? கிழமையில நாலு நாள் பிந்தி வாறியள். கிள்ளானில ஆர் இருக்கினம்?"

அவள் எதை நினைக்கிறாள் என்று புரிந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். கடிதம், மண்டபம், ஜவுளிக் கடைக் கதை எல்லாவற்றையும்.

"அந்தாளுக்கு நீங்கள் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"அவர் தெரியாத ஒருதனுக்குக் காசு வாங்காமச் சொல்லிக் குடுக்கிறார். நீங்கள் பொய்ப் பேர்ல போய்ப் பழகிறியள். இதில ஆரப்பா கள்ளன்?"

அது வேலை என்றேன். மறுபடியும் அதையே சொன்னேன். அவள் பானையை மூடிவிட்டு உள்ளே போனாள்.

ஐந்தாவது வாரம் மேனேஜர் அறிக்கை கேட்டார். என்னிடம் எழுத எதுவும் இல்லை. கை மேலே போகவில்லை என்று எழுதலாம். ஆனால் அதை நானே நம்பவில்லை. ஒரு சோதனை வைக்க வேண்டும் என்று தோன்றியது. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. அந்த நேரத்தில் கூசவில்லை. கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

எனக்கு அதுவரை இரண்டு குத்துகள்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். 'மூணு' என்பது மற்றவர்களுக்கு மட்டும். இடது முழங்கையை மடக்கி, இடுப்பைத் திருப்பி, பக்கவாட்டில் எதிராளியின் வலது கன்னத்துக்கு வீசுவது. அவர்கள் வீசுவதைப் பார்த்து வைத்துக்கொண்டு, வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திப் பழகினேன். என் கணக்கு எளிது. எதிர்பாராமல் ஒரு குத்து வலது பக்கம் வந்தால் யோசிக்க நேரம் இருக்காது. நடிக்கிறவன் கையைத் தூக்கிவிடுவான். முடியாதவன் அடி வாங்குவான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல். வெளியே மழை கனத்துத் தகரக் கூரை இரைந்தது. என் முறை வந்தது. மாஸ்டர் இடது கையில் மெத்தையோடு எதிரே நின்றார்.

"ஒண்ணு," என்றார். குத்தினேன்.

"ஒண்ணு ரெண்டு." குத்தினேன். "நல்லா இருக்கு. மறுபடி. ஒண்ணு ரெண்டு."

ஒன்று, இரண்டு, அதோடு நிறுத்தாமல் மூன்றாவதையும் வீசினேன். முழு பலத்தோடு.

அவருடைய வலது கை எழுந்தது. இடுப்பிலிருந்து கிளம்பி, முழங்கை மடங்கி, காதுக்கு மேலே போய் நின்றது. என் கையுறை அவர் முன்கையில் பட்டுத் தெறித்தது. வெகு அழகான தடுப்பு. பிடித்துவிட்டேன் என்று உள்ளே ஏதோ துள்ளியது. அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும்.

பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டில்கூட நிறம் இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கை இறங்கவில்லை. காதுக்கு மேலே, வேறு யாருடையதோ போல, விரல்கள் விரிந்தபடி அப்படியே நின்றது. அவர் மெதுவாக மண்டியிட்டார். ஃபோர்க்லிப்ட்காரர் ஓடி வந்து முழங்கையைத் தாங்கிப் பிடித்து, குழந்தையைப் படுக்க வைப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். தோளுக்குள் ஏதோ சறுக்கி விழும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. மாஸ்டர் ஒரு பக்கம் சாய்ந்து வாந்தி எடுத்தார்.

என் புத்தி அப்போதும் என்ன சொன்னது தெரியுமா? வாந்தியையும் வரவழைக்கலாம் என்றது.

ஃபோர்க்லிப்ட்காரர் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். "யாருடா நீ?"

"அவர விடு," என்றார் மாஸ்டர் தரையிலிருந்து. "எல்லாரும் போய்க் கயிறு தாண்டுங்க. போங்க."

அவர்கள் மண்டபத்தின் மறுகோடிக்குப் போனார்கள். யாரும் கயிறு தாண்டவில்லை. நான் சுவரோரம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகு நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"பாத்துட்டீங்களாண்ணே?"

நான் கையுறைகளைக் கழற்றினேன்.

"நீங்க இன்சூரன்ஸ்னு மொத நாளே தெரியும். அதுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரி கவுண்டர்ல என் பேரச் சொல்லிக் கேட்டீங்க. நான் பின்னாடி பெஞ்சுலதான் ஒக்காந்திருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் உள்ள விட்டீங்க?"

"நான்தானே ஒங்கள வரச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"அந்தக் கடுதாசி நான் போட்டது. ஒம்போது மாசமா ஒங்க ஆபீசுக்கு எழுதுறேன். போன் பண்றேன். பாக்குறோம், பாக்குறோம்னு சொல்றாங்க. ஒரு ஆள் வரல. சரி, என் மேல நானே குத்தம் சொல்லி எழுதினா என்னன்னு எழுதினேன். ரெண்டே வாரத்துல வந்துட்டீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்தக் கோணல் எழுத்து, மறைப்பதற்காகச் சாய்ந்த எழுத்து அல்ல. எழுதிப் பழகாத இடது கை எழுத்து. அது எனக்கு அங்கேதான் உறைத்தது.

"நான் பாக்க வர்றேன்னு தெரிஞ்சதாலதானே ஒரு நாளும் கையத் தூக்கல?" என்று கேட்டேன். அந்த நிலையிலும் கேட்டேன்.

"தூக்கினா கழண்டுக்கும். ரெண்டு தடவ கழண்டிருக்கு. அந்த வலிய ஒரு தரம் பாத்தவன் தூக்கத்துலகூட மறக்க மாட்டான்." தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு எப்படி தூக்கினேன்னு எனக்கே தெரியல. பதினஞ்சு வருசப் பழக்கம். கைக்குக் காயம் தெரியல போல," என்றார்.

பிறகு இடது கையால் சட்டைக் கழுத்தை விலக்கி, "தொட்டுப் பாருங்க," என்றார். தொட்டேன். எலும்பு இருக்கக் கூடாத இடத்தில் ஒரு முனை துருத்திக்கொண்டிருந்தது. அதன் மேல் தசை, பிடித்து வைத்த மீனைப் போலத் துடித்துக்கொண்டிருந்தது. பதினோரு வருட வேலையில் யாருடைய காயத்தையும் நான் அதுவரை தொட்டதில்லை.

அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போக எழுந்தேன். ஃபோர்க்லிப்ட்காரர் என்னைத் தள்ளிவிட்டு அவரே கூட்டிப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். மண்டபத்தில் நானும் வருகைப் புத்தகமும் மட்டும் இருந்தோம். கடிதத்தின் நகல் மோட்டார் இருக்கைக்கு அடியில், குறிப்பேட்டுக்குள் இருந்தது. எடுத்து வந்து, புத்தகத்தில் இருந்த அவருடைய எழுத்தோடு ஒப்பிட்டேன். சாய்வு, 'ற' போடும் விதம், எல்லாம் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் நம்ப முடியவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

திங்கட்கிழமை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். படிவத்தில் ஒரு கேள்வி: வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடிகிறதா? ஆம் என்று எழுதினால் பொய் இல்லை. நானே பார்த்தது. அந்த ஒரு சொல்லில் கோப்பு மூடப்பட்டுவிடும், மேனேஜர் என் முதுகில் தட்டுவார். இப்படி எத்தனை கோப்புகளில் உண்மையான ஒரு சொல்லை எழுதி மூடியிருக்கிறேன் என்று யோசனை ஓடியது. தட்டச்சு இயந்திரத்தின் முன் மத்தியானம்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினேன். பொய்ப் பெயரில் சேர்ந்தது, எச்சரிக்காமல் குத்தியது, கை எழுந்தது, கழன்றது, வாந்தி எடுத்தது, கடிதம் எழுதியது யார் என்பது, எல்லாம்.

மேனேஜர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இழப்பீடு கேட்டவரை நீ அடித்தாயா என்று கேட்டார். அடித்தேன் என்றேன். இது கோப்பில் இருக்கக் கூடாது, நீ பார்த்ததை மட்டும் எழுது, செய்ததை எழுதாதே என்றார். நான் செய்யாவிட்டால் அதைப் பார்த்திருக்கவே முடியாது என்றேன். தைரியத்தில் சொன்னதல்ல. எனக்கு வேறு பதில் தெரியவில்லை. அறிக்கை ஒரு வாரம் அவர் மேசை இழுப்பறையில் கிடந்தது. பிறகு அவர் ஒரு நடுவழி கண்டுபிடித்தார். என் அறிக்கையை எடுத்துவிட்டு, எலும்பு நிபுணர் ஒருவரிடம் மறுபரிசோதனைக்கு அனுப்பினார். கை எழும், எழுந்தால் மூட்டு கழன்றுவிடும், சுமை தூக்கும் வேலைக்கு இனி லாயக்கில்லை என்று நிபுணர் எழுதினார். என்னை விசாரணையிலிருந்து எடுத்து மோட்டார் வாகனப் பிரிவில் கோப்பு அடுக்கும் வேலையில் போட்டார்கள். மனைவியிடம் சொன்னேன்.

"நல்லது," என்றாள். "இனி ஆக்கள் கதைக்கேக்க அவையின்ர கையைப் பார்க்காம முகத்தைப் பாருங்கோ."

மூன்று வாரம் பண்டமாரான் பக்கம் போகவில்லை. போக எனக்கு முகம் இல்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணியானால் கால்கள் நிலைகொள்ளவில்லை. அலுவலக மாடிப்படியில் யாரும் இல்லாதபோது தாடையைத் தாழ்த்திக் கைகளைக் கன்னத்துக்குக் கொண்டுபோய் நிற்பேன். வேவு பார்க்கப் போன வாரங்களில் எனக்குத் தெரியாமலேயே இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாஸ்டர் கையைத் துணித் தூளியில் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வருகைப் புத்தகத்தை இடது கையால் நகர்த்தினார்.

"இந்தத் தரம் சொந்தப் பேர எழுதுங்கண்ணே."

எழுதினேன். தொழில் என்ற இடத்தில் காப்பீட்டு நிறுவன குமாஸ்தா என்று எழுதினேன். ஃபோர்க்லிப்ட்காரர் தோளுக்கு மேலாகப் பார்த்துப் படித்துவிட்டுப் போனார். என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் பேசவில்லை. நான் மாஸ்டர் அருகே போனால் அவரும் எழுந்து வந்து நடுவில் நிற்பார். நான் கையுறை மாட்டினால் என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் நம்மை விடாமல் கவனித்தால் கழுத்தில் எப்படி ஒரு கூச்சம் ஏறுகிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முறையிட எனக்கு எதுவும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இழப்பீட்டுக் கடிதம் வந்த செய்தி எனக்கு மாஸ்டர் மூலம்தான் தெரிந்தது. "வந்திருச்சுண்ணே," என்றார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஓடியிருப்பேன். துறைமுகத்திலேயே இறங்கும் சரக்கை எண்ணி எழுதும் வேலை ஒன்று அவருக்குக் கிடைக்கும்போலிருந்தது. அதற்காக எழுத்தைச் சரிசெய்ய இடது கையால் தினமும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்றுதான் என்னை முதன்முறையாக ஒருவரோடு எதிரெதிரே நிற்க விட்டார். "ரெண்டு நிமிசம். மெதுவா," என்று சொல்லிவிட்டு, ஃபோர்க்லிப்ட்காரரைக் கூப்பிட்டார். அவர் மறுக்கவில்லை. கயிறு கட்டிய சதுரத்துக்குள் வந்து நின்றார். எட்டிக் குத்த எனக்கு அவர் கன்னம் கிடைக்கவே இல்லை. அவருடைய இடது கை இரண்டு முறை வந்தது. முதல் முறை கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். இரண்டாம் முறை பார்த்தும் பலன் இல்லை. மூக்கிலிருந்து சூடாக ஏதோ உதட்டுக்கு இறங்கியது.

அவர் கையைத் தாழ்த்தி நின்றார். நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக என்னிடம் சந்தேகம் இல்லாத ஒரு கேள்வி கேட்டார்.

"போதுமா பாஸ்?"

"இன்னும் நேரம் இருக்கா மாஸ்டர்?" என்றேன்.

"இருக்கு. முக்கா நிமிசம்."

கைகளைக் கன்னத்துக்குக் கொண்டுபோனேன். ஃபோர்க்லிப்ட்காரர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முன்னே வந்தார்.